யூனா கரைசேர்த்த படகு

ஃபெர்ரி வருவதற்கு முன்பே அதன் சங்கொலி வந்துவிட்டது. கிரே ஆர்ம் என்ற மீனவ ஊரின் துறையில் அன்று பிற்பகல் அத்தனை மூடுபனி. பலகை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. யூனா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அறுபது வயதில் முதல் பிரசவத்துக்கு வந்தவள்போல இருந்தாள்.

கயிறு கட்டி முடித்ததும் கோர்டி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஃபெர்ரியில் வேலை பார்க்கிறவன். யாருக்கு எந்தச் சாமான் வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையை விடமாட்டான்.

"என்னக்கா, செங்கல் வாங்கி வீடு கட்டுறியா? இடுப்பு போச்சு."

"புஸ்தகம்டா. நான் எழுதினது."

"இத்தனையுமா? ஆளுக்கு ரெண்டு குடுத்தாலும் மிச்சத்தைக் கடல்நாய்க்குத்தான் விக்கணும்." அவனே சிரித்துக்கொண்டான். "எதைப் பத்தி?"

"படகைப் பத்தி."

சிரிப்பு நின்றது. அந்த ஊரில் எத்தனையோ படகுகள் உண்டு. ஆனால் பெயர் சொல்லாமல் 'படகு' என்றால் ஒன்றுதான். கடைசிப் பெட்டியை, உள்ளே கண்ணாடி இருப்பதுபோல, மெல்ல இறக்கி வைத்துவிட்டு கோர்டி ஃபெர்ரிக்குள் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மீன் கத்தியால் முதல் பெட்டியைக் கீறினாள். புதுக் காகிதத்தின் வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. 'கிழக்கு விளக்கு' என்று மேலே. கீழே அவள் பெயர். அட்டைப் படம் அவளே எடுத்தது. கொஞ்சம் இருட்டாக அச்சாகியிருந்தது. எத்தனை முறை சரிபார்த்தும் முதல் பக்கத்திலேயே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை என்பதால், அழுதாள்.

மீன் ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதியவள் அவள். ஆலை மூடியபின் குளிர்காலத்தில் பொழுது போகாமல் எழுத உட்கார்ந்தாள். எழுத ஆரம்பித்ததும், மற்றதெல்லாம் பொழுதைப் போக்குவதாகிவிட்டது. எழுதுவது மட்டும் வேலையாகிவிட்டது. பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்றிரண்டு பேர் மரியாதையாக மறுத்தார்கள். மற்றவர்கள் அந்த மரியாதைகூடக் காட்டவில்லை. கடைசியில் தானே பதிப்பிப்பது என்று முடிவெடுத்து, கணினியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, பக்கம் அமைப்பதையும் கோப்பை ஏற்றுவதையும் கற்றுக்கொண்டாள். பின்பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள். யாராவது படித்துவிட்டுப் பேசமாட்டார்களா என்ற ஆசைதான்.

கதை ஊருக்குத் தெரிந்ததுதான். முப்பது வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதத்தில், 'மேரி லொரேன்' மீன்பிடிக்கப் போனது. தலைவர் ஆம்ப்ரோஸ், யூனாவின் கணவன் லியாண்டர், பத்தொன்பது வயதுப் பையன் கால்வின். மூவரும் திரும்பவில்லை. ஒரு பலகைத் துண்டு, ஒரு கையுறை, எதுவும் கரை ஒதுங்கவில்லை. புதைக்க ஒன்றும் இல்லாததால் தேவாலயத்துச் சுவரில் மூன்று பெயர்களைப் பொறித்தார்கள்.

யூனா நாவலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பெயர்களை மாற்றியிருந்தாள், தன்னை எடித் ஆக்கியிருந்தாள். கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூவரும் மிதக்கிறார்கள், பனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் வருகிறது, வீடு திரும்புகிறார்கள். இப்படித்தான் முதலில் எழுதினாள். டொராண்டோவில் கூலிக்குப் படித்துக் கருத்துச் சொல்லும் ஒருவரிடம் அனுப்பியபோது அவர் எழுதியிருந்தார்: 'மூவரும் பிழைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சாவு வேண்டும். இளையவன் செத்தால் வாசகர் அழுவார்கள்.'

ஒரே பிற்பகலில் மாற்றிவிட்டாள். கை வலிக்கவில்லை. தயங்கவும் இல்லை. பையனின் பிடி நழுவியது, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே விலகிப் போனான். நாவலிலேயே அழகான பக்கங்கள் அவைதான் என்று அவளுக்கே தோன்றியது.

வெளியீடு சர்ச் ஹாலில் நடந்தது. தேநீரும் ரொட்டியும் பழக்கூழும் வைத்திருந்தார்கள். ஜன்னல் வரை பனி வந்து முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. யூனா கடைசி அத்தியாயத்தைப் படித்தாள்: எடித்தின் கணவன் துறைப் பலகையில் நடந்து வருவதை, வாசலில் பூட்ஸைக் கழற்றுவதை, ஒரே ஒரு வரி பேசுவதை. ஆம்ப்ரோஸின் மனைவி ஹேசல் வாய்விட்டு அழுதாள். முன்வரிசையில் டெல்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால்வினின் அம்மா. எண்பதை நெருங்குகிறவள், கண் மங்கல். எல்லோரும் போனபின் வந்து, ஒரு புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் பையன் இருக்கானாடி இதுல?"

"இருக்கான்க்கா," என்றாள் யூனா. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த பனி நாளில் ஹேசல் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தாள். முடியெல்லாம் ஈரம்.

"யூனா, ஆம்ப்ரோஸ் வந்துட்டுப் போனாரு."

"கனவு கண்டிருப்பே."

"பட்டப் பகல்ல, மாவு பிசைஞ்சுக்கிட்டா கனவு காண்பேன்? அடியே, தரையெல்லாம் தண்ணி. வந்து பாரு."

யூனா போகவில்லை. பாவம், தனிமை ஆளை இப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் பனி விலகவில்லை. மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே கடற்பறவைகளின் சத்தம் சட்டென்று அடங்கியது. கீழே துறையிலிருந்து, பலகைமீது காலடிகள்.

கனமான காலடிகள். ஈரமான காலடிகள்.

மேடேறி வந்தன. சரளைக்கல் நொறுங்கியது. அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வந்தவரும் தட்டவில்லை. முன்கதவு திறந்து மூடியது. டீசல் வாசனை, நனைந்த கம்பளியின் வாசனை, அதற்கடியில் ஆழ்கடலின் குளிர்ந்த, பழைய வாசனை ஒன்று.

ஒரு பூட்ஸ் தரையில் விழுந்தது.

பிறகு இன்னொன்று.

"கொஞ்சம் தாமதமாயிடுச்சு, எடித்."

அவள் எழுதிய வரி. லியாண்டரின் குரல்.

திரும்பினாள். கைகள்தான் முதலில் தெரிந்தன. கயிறு அறுத்த தழும்புகள், வளைந்த சுண்டுவிரல், எல்லாம் அவள் எழுதியிருந்தபடியே. கோட்டின் மூன்றாவது பொத்தான் இல்லை, அதையும் எழுதியிருந்தாள். பார்வை மேலே ஏறியது. கழுத்து, தாடி.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் மூச்சு படிந்ததுபோல ஒரு வெண்மை, அவ்வளவுதான்.

அவள் முகத்தை எழுதவில்லை. எழுத முடியவில்லை. முப்பது வருடங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, புகைப்படத்தில் இருக்கிற முகம்தான் மிஞ்சியிருந்தது. புகைப்படமோ வெயிலில் கண்ணைச் சுருக்கி எடுத்தது.

"லியாண்டர்," என்றாள். "நான் யூனா."

அது பதில் சொல்லவில்லை. அடுத்து சொல்ல வரி இல்லை. அத்தியாயம் அங்கேயே முடிகிறது. வெண்மை மட்டும் அவள் பக்கம் திரும்பி நின்றது, நெடுநேரம். பின்பு பனியோடு மெலிந்து போனது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பயந்தாள். அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் வெயில் அடித்ததும், ஜன்னலருகே போய்ப் போய் வானத்தைப் பார்த்தாள். எப்போது பனி வரும் என்று ஏங்குகிறோம் என்பது உறைத்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதன்பின் பனி நாட்களில் முடியைச் சீவிக்கொண்டாள். பேசாவிட்டால் என்ன. முகம் இல்லாவிட்டால் என்ன. பூட்ஸ் கழற்றும் சத்தம் ஒன்று வீட்டில் கேட்கிறதே. ஹேசலும் அப்படித்தான், கடையில் பார்த்துக்கொண்டால் இருவரும் புதுப்பெண்கள்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

டெல்மா ஒரு நாள் கோலூன்றி மேடேறி வந்தாள். மூச்சு வாங்க நடுக்கூடத்தில் நின்றாள்.

"உக்காருக்கா."

"உக்கார வரல. ஹேசல் வீட்டுக்கு ஆம்ப்ரோஸ் வர்றான். உன் வீட்டுக்கும் ஆள் வருது. தரையைப் பாத்தாலே தெரியுதே, பலகை உப்பு பூத்துக் கிடக்கு."

யூனா அந்த உப்புப் பூத்த பலகைமேல் போய் நின்றுகொண்டாள்.

"என் பையன் வீட்டுக்கு வரல, யூனா. துறைக்கு அந்தப் பக்கம் தண்ணியில கிடக்கான். அங்கிருந்து கூப்பிடுறான்."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

"பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். 'குரல் மெலிஞ்சு மெலிஞ்சு பனியோட பனியா ஆச்சு'ன்னு எழுதியிருக்கே. அழகா இருக்குடி. அப்படியேதான் கேக்குது."

"அக்கா..."

"இத்தனை வருஷமா நான் என்ன நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன் தெரியுமா? படுத்துத் தூங்கும்போதே போயிருப்பான்னு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்னு. நீ அவனை எவ்வளவு நேரம் தண்ணியில வச்சிருக்கே, பாத்தியா? ரெண்டு பக்கம்."

யூனா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "கதைக்கு ஒரு சாவு வேணும்னு சொன்னாங்கக்கா."

டெல்மா அவளை நிதானமாகப் பார்த்தாள். அந்த மங்கிய கண்களில் கோபம்கூட இல்லை.

"அந்தச் சாவுக்கு உன் வீட்டுல ஆள் இல்லையா?"

பனி இறங்கிய மறுநாள் இருவரும் துறையின் நுனியில் நின்றார்கள். முதலில் அலை மட்டும். பிறகு வெண்மைக்குள் எங்கிருந்தோ, தண்ணீர் மட்டத்திலிருந்து:

"அம்மா."

"இங்கதான்டா இருக்கேன்," என்றாள் டெல்மா, இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அம்மா..."

"எங்கயும் போகல கண்ணு. இங்கயேதான் நிக்கிறேன்."

யூனா காதைப் பொத்தினாள். பொத்தியும் கேட்டது. எங்கெங்கே நிறுத்தி எழுதினாளோ அங்கங்கே குரல் நின்றது. அவளுக்கு அடுத்த வார்த்தை எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. கடைசி அழைப்பு வரும் இடமும் தெரிந்திருந்தது. அது வந்து, மெலிந்து, பனியோடு பனியானது. டெல்மா அதன்பிறகும் வெகுநேரம் பதில் சொல்லிக்கொண்டே நின்றாள்.

அன்று மாலையே யூனா கணினியைத் திறந்தாள். தன் புத்தகம் தன் கையில். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூவரையும் பிழைக்கவைத்தாள். பழைய வடிவம்தானே, ஒட்டவைக்க நேரம் ஆகவில்லை. கோப்பை ஏற்றி, புதுப் பிரதிகளுக்குச் சொல்லி அனுப்பினாள். பெட்டி வந்து இறங்கிய மறுநாள் பனி.

காலடி வரவில்லை.

வாசலில் நின்று பார்த்தாள். மேட்டுப் பாதை வெறுமையாக இருந்தது. கீழே துறையில் ஹேசல் வீட்டுச் செருப்போடு நின்று கத்திக்கொண்டிருந்தாள். யூனா ஓடினாள்.

தண்ணீரிலிருந்து மூன்று குரல்கள்.

ஒன்று அம்மாவை அழைத்தது. ஒன்று கடவுளை அழைத்தது. மூன்றாவது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், "எடித், எடித்" என்றது. இதை அவள் எந்த வடிவத்திலும் எழுதியதில்லை.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" ஹேசல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த மனுஷன்டி."

"மூணு பேரையும் கொண்டுவந்துரலாம்னு பாத்தேன்."

"கடல் என்ன கடையா? மொத்தத்தையும் திருப்பிக் கேட்டா குடுக்குமா?"

டெல்மா பனியைப் பார்த்தபடி, கோலின்மீது இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

யூனா வீட்டுக்குப் போய், கணினியைத் திறக்காமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. டெல்மா கேட்ட அன்றே தெரியும். மூன்றாம் நாள் டெல்மா வீட்டுக்குப் போனாள்.

"அவன் முகத்தைச் சொல்லுக்கா. எல்லாத்தையும் சொல்லு. எனக்கு அவனைச் சரியாத் தெரியாது. பையன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

டெல்மா முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. முன்பல் ஒன்று ஓரம் உடைந்தது, பனிச்சறுக்கில் விழுந்ததால். இடது காதுக்குப் பின்னால் மச்சம், குளிப்பாட்டுகிறவளுக்கு மட்டும் தெரிவது. சிரிப்பு வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். பொய் சொன்னால் சட்டை நுனியைச் சுருட்டுவான். உருளைக்கிழங்கைத் தோலோடு தின்பான். அவன் சீட்டியடிக்கத் தெரியாமல் காற்றை மட்டும் ஊதுவதை ஊதிக் காட்டியபோது, அந்தக் கிழவியின் உதடுகளில் ஒரு பையன் வந்து போனான்.

யூனா எழுதினாள். கவிழ்ந்த படகின் முதுகில் இருவருக்குத்தான் பிடிமானம். பையனின் கை நழுவுகிறது. எடித்தின் கணவன் அந்தக் கையைப் பிடித்து, தன் கை இருந்த இடத்தில் வைக்கிறான்.

அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. பல நாட்கள் ஆயிற்று.

கணவன் தன் பிடியை விடும் இடத்தில் பையனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அவனுக்குக் கண்கள் வேண்டும். யூனா தட்டச்சுப் பலகைமேல் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள். காத்திருக்கும்போது வந்தது. வலப்புருவத்தை வெட்டிப்போகும் வடு. சாம்பல் நிறக் கண்கள், ஒன்றைவிட ஒன்று சற்றே சின்னது. கல்யாணத்தன்று, தேவாலயத்தில், நிஜமாகவே தன்னைத்தானா என்பதுபோல அவன் அவளைப் பார்த்த பார்வை. முப்பது வருடங்களாகக் கூப்பிட்டும் வராத முகம், அவனைத் தண்ணீரில் விடுகிற வாக்கியத்தில் வந்து நின்றது.

அந்த முகத்தை எழுதி முடித்து, அவனை விட்டாள். ஒரு குரலும் எழுப்பாமல் போனான் என்று எழுதினாள். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஒரு சலுகையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள்.

'வெளியிடு' என்ற பொத்தானுக்குமேல் அம்புக்குறியை வைத்துவிட்டு, எழுந்து போய் முன்கதவுத் தரையைத் துடைத்தாள். உப்புத் தடம் போகவில்லை. திரும்பிவந்து அழுத்தினாள்.

வீடு வீடாகப் போய் பழைய பிரதிகளைத் திருப்பி வாங்கினாள். அச்சுப் பிழை அதிகம் என்று சொன்னாள். கோர்டி தன் பிரதியை நீட்டும்போது, "நான் படிக்கவே இல்லக்கா, அழுதுருவேனோன்னு வச்சுட்டேன்," என்றான். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். புத்தகம் சீக்கிரம் எரிவதில்லை. பக்கம் பக்கமாகத்தான் எரியும்.

புதுப் பெட்டி வந்து சேர்ந்த வாரம் பனி இறங்கியது.

யூனா பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு காது கொடுத்தாள். பறவைகள் அடங்கின. பலகைமேல் காலடிகள். இரண்டு பேருடையவை. ஒன்று ஹேசல் வீட்டுப் பக்கம் திரும்பியது. மற்றொன்று இளவயதுக் கால்கள், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக, அவள் வாசலைக் கடந்து டெல்மா வீட்டுப் பாதையில் போனது. கூடவே, சீட்டியாக மாறாத வெறும் காற்று.

அவள் பின்னாலேயே போனாள். உள்ளே போகவில்லை. டெல்மாவின் ஜன்னல் வழியே பார்த்தாள். கிழவி முழங்காலிட்டிருந்தாள். இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு முகம். ஈரம் சொட்டும் முகம், மூக்கு சிவந்திருந்தது. டெல்மா அவன் இடது காதை மடித்துப் பின்னால் பார்த்தாள். பிறகு அவள் எழுப்பிய ஒலியை யூனா அதற்குமுன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. அழுகையென்றும் சொல்ல முடியாது.

யூனா துறைக்குப் போனாள். நுனிவரை போய் நின்றாள். தண்ணீர் கருப்பாகக் கிடந்தது. யாரும் கூப்பிடவில்லை. எழுதியபடியே, ஒரு குரலும் இல்லை. ஒரே ஒரு முறை கூப்பிடவைத்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

குளிர்காலம் வந்து போனது. பனி நாட்களில் அவள் வீட்டு வாசல் உலர்ந்தே கிடந்தது. டெல்மா எதிரே வந்தால் யூனாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். புத்தகம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விற்றது. யாரோ முடிவு நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். யூனா இரண்டாவது நாவல் எழுதவில்லை.

வசந்தம் தொடங்கும்போது, ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண்ணின் குரல், ரகசியம் பேசுவதுபோலத் தாழ்ந்து.

"புஸ்தகம் எழுதினவங்களா? பின்னாடி நம்பர் போட்டிருந்துச்சு. என் பேரு டரீனா. சஸ்காட்சுவான்லேர்ந்து பேசுறேன். கோதுமைக் காடு. சுத்தி எங்க பாத்தாலும் தண்ணியே கிடையாது."

"சொல்லுங்கம்மா."

"புஸ்தகம் வந்த முதல் வாரத்துலயே வரவழைச்சுட்டேன். வீட்டுக்காரர் போனதுலேர்ந்து படிக்கிறதுதான் துணை. ஆனா படிக்காமலே கிடந்துச்சு, இப்பத்தான் எடுத்தேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. இங்க பனி இறங்கினா ஒருத்தர் வர்றாரு. வாசல்ல பூட்ஸைக் கழட்டுறாரு. எடித்னு கூப்பிடுறாரு. நான் எடித் இல்லன்னு சொல்லிட்டேன். காதுல விழல. தரையெல்லாம் உப்புத் தண்ணி."

யூனாவின் பார்வை முன்கதவருகே கிடந்த உப்புத் தடத்துக்குப் போனது.

"முதல்ல உயிரே போச்சு. இப்ப அவரு நடுங்குறதைப் பாத்தா பாவமா இருக்கு. இப்பவும் இங்கதான் நிக்கிறாரு. நான் என்ன பண்ணட்டும்? புஸ்தகத்தை எரிச்சுடட்டுமா? இல்ல உங்களுக்கே அனுப்பிடட்டுமா?"

முகம் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் எடுத்தாள். கேட்கவில்லை. லியாண்டர் பிழைக்கும் அந்தப் பழைய பிரதி இந்தத் துறையில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஜன்னல் வழியே டெல்மா வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. மெல்லிய புகை நேராக மேலேறிக்கொண்டிருந்தது.

"எரிக்க வேணாம்," என்றாள். "இங்க அனுப்பவும் வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும். பாரமா இருந்தா சொல்லுங்க."

"பாரம்லாம் இல்ல. வீட்டுல ஒரு ஆள் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாச்சு."

"பனி நாள்ல அடுப்பைக் கொஞ்சம் முன்னாடியே மூட்டி வைங்க. டீ கறுப்பாப் போட்டுக் குடுங்க, சர்க்கரை தூக்கலா. பால் விட்டா தொட மாட்டாரு."

"இதெல்லாம் புஸ்தகத்துல இல்லையே."

"இல்ல. எழுதல."

"இருங்க, வச்சுப் பாக்கிறேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். கெட்டிலின் சத்தம். ஒரு கோப்பை மெல்ல வைக்கப்பட்டது. யூனா கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை மைல் தூரத்து அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாற்காலி இழுபட்டது.

கரண்டி கோப்பையில் சுற்றியது. நின்றது.

டரீனா திரும்பிவந்தாள்.

"அம்மா... ஃபோன்ல யாருன்னு கேக்குறாரு."